பயிற்சிக்கு வந்த முகங்கள்

படம் திருத்தக் கற்றுக்கொள்ள உட்காருகிற எவருக்கும் முதலில் தேவைப்படுவது ஒரு படம். எந்தப் படத்தை வைத்துக் கை பழகுகிறதோ, அந்தப் படத்தின் வெளிச்சத்துக்கும் அதிலிருக்கிற முகத்தின் நிறத்துக்கும் கண்ணும் சேர்ந்து பழகிவிடுகிறது. பிறகு வருகிற படங்களையெல்லாம் அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் எடைபோடுகிறோம். இணையத்தில் கிடைத்த காணொளிப் பாடங்களைப் பார்த்து ஃபோட்டோஷாப் கற்றவர்களில் நானும் ஒருவன். உறவுக்காரர்களின் செல்லரித்த படங்களைச் சரிசெய்து கொடுக்கத் தொடங்கி, இப்போது தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்களின் முகங்களைப் படமெடுத்துத் தொகுப்பதுவரை வந்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நேரில் பார்த்திராத ஆசிரியர்கள் காசு வாங்காமல் கொடுத்தது. அந்த நன்றி மனதில் இருக்கும்போதே, அவர்களுடைய பாடங்களில் பயிற்சிக்கு வருகிற முகங்களைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது.

இந்த முகங்களுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1973-ல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், கணினியில் படங்களைக் கையாளும் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு சோதனைப் படம் தேவைப்பட்டது. அப்போது கைக்குக் கிடைத்தது 1972 நவம்பர் மாத ப்ளேபாய் இதழ். அதன் நடுப்பக்கத்தில் இருந்த சுவீடன் நாட்டு மாடல் லேனாவின் படத்தில் தோளுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டார்கள். நீளமும் அகலமும் 512 புள்ளிகள். தொப்பி, அதிலிருந்து தொங்கும் இறகு, திரும்பிப் பார்க்கும் முகம். நுண்ணிய இழைகளும் வழவழப்பான தோலும் ஒரே படத்தில் அமைந்திருந்தன. படத்தைச் சுருக்குவதற்கோ கூர்மையாக்குவதற்கோ புள்ளி இரைச்சலை நீக்குவதற்கோ யார் புது வழி கண்டுபிடித்தாலும், பல பத்தாண்டுகளுக்கு அதை லேனாவின் முகத்தில் வைத்துத்தான் காட்டினார்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், மாடல் தொழிலிலிருந்து எப்போதோ ஓய்வுபெற்ற தன்னைத் தொழில்நுட்பமும் விட்டுவிடலாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். 2024 ஏப்ரல் முதல் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் தன் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் அந்தப் படத்தை ஏற்பதில்லை.

ஃபோட்டோஷாப்பின் கதையிலும் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கிய நிரலை, சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் வேலைபார்த்த அவருடைய தம்பி ஜான் நோல் எடுத்துக்கொண்டு பலருக்கும் காட்டப் போனார். கூடவே அவர் கொண்டுபோனது, போரா போரா தீவின் கடற்கரையில் தன் காதலி ஜெனிஃபரைத் தானே எடுத்த படம். ஜெனிஃபர் முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே நீலக் கடல், தூரத்தில் ஒரு மலைத்தீவு. பார்க்கிறவர்களின் கண் முன்னாலேயே ஜெனிஃபரை இரண்டாக்கிக் காட்டுவார் ஜான். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அந்த மென்பொருளை வெளியிட்டது. இன்றைக்கு நாம் பார்க்கும் காணொளிப் பாடத்தின் முழு வடிவமும் அந்தச் செய்துகாட்டலில் இருந்தது என்றே நினைக்கிறேன்: கூடவே வரும் ஒரு படம், கண்ணெதிரே நிகழும் மாற்றம், எனக்கும் இது வருமா என்ற ஏக்கம்.

மூன்றாவது முகம் இவர்களுக்கும் மூத்தது. வண்ணப்படம் கழுவும் லேப்களுக்கு 1950-கள் முதல் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு பெண், சில வண்ணக் கட்டங்கள். இயந்திரத்திலிருந்து வரும் அச்சில் அந்தப் பெண்ணின் தோல், அட்டையில் இருப்பதைப்போலவே வந்தால் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று பொருள். முதலில் நின்ற மாடலின் பெயர் ஷெர்லி. பின்னால் யார் யாரோ நின்றார்கள். அட்டையின் பெயர் மட்டும் ஷெர்லி என்றே நிலைத்துவிட்டது. அந்தத் தோலுக்குப் பொருந்தும்படி தயாரான ஃபிலிமில் கறுத்த முகங்கள் விவரமிழந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி வந்தன. நிறுவனத்தைத் தட்டியெழுப்பியது அந்த முகங்களுக்கு உரியவர்களின் குறை அல்ல. தங்கள் மரத்தின் பழுப்பும் மிட்டாயின் பழுப்பும் வேறுபாடு தெரியாமல் வருவதாக மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லேட் வியாபாரிகளும் சொன்ன புகார்தான். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

மூவரும் வெள்ளைத் தோல்காரர்கள். யாரும் உட்கார்ந்து சதிசெய்து இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தது உலகத்துக்கே அளவுகோல் ஆயிற்று. இணையப் பாடங்களில் நான் பார்த்த பயிற்சிப் படங்களில் பெரும்பாலானவை இந்த வம்சத்தின் தொடர்ச்சியாகவே இருந்தன. தமிழில் நடத்தப்படும் பாடங்களிலும் அப்படித்தான். ஆசிரியர் பேசுவது மதுரைத் தமிழாகவோ கொங்குத் தமிழாகவோ இருக்கும். திரையில் இருக்கும் முகம், இலவசப் படங்கள் கிடைக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிய ஐரோப்பியப் பெண்ணுடையதாக இருக்கும்.

பாடங்கள் எனக்குக் கொடுத்ததைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. இந்தக் கலை ஒரு காலத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தது. ஸ்டூடியோவில் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, முதலாளிக்கு மனம் வந்தால்தான் டார்க்ரூமுக்குள் நுழைய முடியும். சாதியும் சொந்தமும் அந்தக் கதவைத் திறந்தன, மூடின. இன்று ஒரு பழைய கணினியும் இணைப்பும் இருந்தால் போதும். மென்பொருள் வாங்கக் காசில்லாதவர்களுக்கு 1996 முதல் கிம்ப் இருக்கிறது. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபியா இருக்கிறது. கணினியே இல்லாதவர்களுக்கு அலைபேசியில் ஸ்னாப்சீட் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிந்து வந்த ஒருவர், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பென் டூல் கற்றுக்கொள்ள முடிகிறது. புரியாத இடத்தில் நிறுத்தி, பத்து நொடி பின்னால் தள்ளி, மறுபடி கேட்கலாம். ஆசிரியர் சலித்துக்கொள்ளமாட்டார். கற்கிறவரின் கூச்சத்தை இவ்வளவு மதித்த வகுப்பறை முன்பு இருந்ததில்லை.

பாடங்களில் இரண்டு வகை உண்டு. எண்களைச் சொல்லித் தருபவை ஒன்று. எண்கள் எதற்கென்று சொல்லித் தருபவை இன்னொன்று. முகத்தோலைச் சீராக்குவதற்கு ஃப்ரீக்வன்சி செப்பரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. படத்தை இரண்டு லேயராகப் பிரதியெடுத்து, கீழே உள்ளதை மங்கலாக்க வேண்டும். மேலே உள்ளதில் அப்ளை இமேஜ் திறந்து, கீழ் லேயரைத் தேர்ந்து, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 என்று கொடுத்துவிட்டு, லேயரை லீனியர் லைட்டுக்கு மாற்ற வேண்டும். உலகம் முழுவதும் இதை வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிறார்கள். எண்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூலப் படத்திலிருந்து மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது மயிர்த்துளை, சுருக்கம், ரோமம் ஆகிய நுண்ணிழை மட்டும். அந்த மிச்சம் சில புள்ளிகளில் கூட்டலாகவும் சிலவற்றில் கழித்தலாகவும் வரும். திரையில் கழித்தல் எண் என்று ஒரு நிறம் கிடையாது. அதனால் 0 முதல் 255 வரையிலான படிகளின் நடுவான 128-ஐப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறார்கள். இரு திசையிலும் போகக்கூடிய வித்தியாசம் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டுமென்பதால் இரண்டால் வகுக்கிறார்கள். லீனியர் லைட் அதைத் திரும்ப இரண்டால் பெருக்கிக் கீழே சேர்த்துவிடுகிறது. நிறம் கீழே, இழை மேலே. சேர்த்துப் பார்த்தால் பழைய படம். பிக்ஸிம்பர்ஃபெக்ட் அலைவரிசையை நடத்தும் உன்மேஷ் டிண்டா போன்றவர்களின் பாடங்களை நான் விரும்பிப் பார்ப்பதற்குக் காரணம், ஏன் என்று கேட்டுக்கொண்டே அவர்கள் போவதுதான். காரணம் புரிந்தவருக்கு அந்த எண்கள் மறந்துபோனாலும் கவலையில்லை.

ஆனால் மங்கலாக்கும் அளவு எவ்வளவு என்பதற்கு எந்தக் காரணமும் பொது விதி தராது. ஆசிரியர் எட்டு என்பார். அது அவர் படத்துக்கு உரிய எட்டு. முகம் மூவாயிரம் புள்ளி அகலமுள்ள படத்துக்கும் முந்நூறு புள்ளி அகலமுள்ள படத்துக்கும் அதே எட்டு பொருந்தாது. அளவைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கியை மெல்ல நகர்த்தி, மயிர்த்துளைகள் கண்ணைவிட்டு மறைகிற இடத்தில், முகத்தின் வடிவம் கலைந்துபோவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். அந்த இடம் எது என்பதை நம் முன்னால் இருக்கும் முகம்தான் சொல்லும். பாடத்தின் முகமும் நம் முன்னால் இருக்கும் முகமும் வேறுவேறாக ஆகும்போது சிக்கல் எண்ணோடு நிற்பதில்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். பாத்தியில் நின்று உப்பு வாரும் ஐம்பது வயதுக்காரர். கறுத்த முகம், தலையில் வெளுத்த துண்டு, பின்னால் உப்புக் குவியல், காலடியிலும் உப்பு. காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். அப்படித்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். படச்சட்டம் முழுக்க உப்பு இருப்பதால் வெளிச்சம் அதிகம் என்று முடிவுசெய்து குறைத்துவிட்டது. உப்பு சாம்பலாயிற்று, முகம் இருட்டில் போயிற்று. மேல்நாட்டுத் திருமணப் படப் பாடங்களில் இதற்கு நேர் எதிரான சிக்கலைத்தான் விளக்குவார்கள்: மணப்பெண்ணின் வெள்ளை அங்கி, மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு, இரண்டுக்கும் நடுவே வெளுத்த முகங்கள். துணிகள்தான் இரண்டு ஓரங்களிலும் இருக்கின்றன, முகம் நடுவில் பத்திரமாக இருக்கிறது. நம்முடைய கல்யாணத்தில் பட்டுவேட்டி ஒரு கோடியிலும் மாப்பிள்ளையின் முகம் மறு கோடியிலும் இருக்கும். ஆக, அவர்கள் துணிக்குச் செய்கிற வைத்தியத்தை நாம் முகத்துக்குச் செய்ய வேண்டும். முகத்தை மட்டும் மாஸ்க்கால் தனியாக்கி, கர்வ்ஸ் கோட்டில் இருட்டுக்குரிய கீழ்க் கால்பகுதியை மட்டும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். அதிகம் நிமிர்த்தினால் இருட்டுக்குள் பதுங்கியிருந்த புள்ளி இரைச்சல் மேலெழும்பும்.

அந்தப் படத்தில் அவருடைய கன்ன எலும்பின் மேலும் தோளின் மேலும் ஒரு நீலப் பளபளப்பு இருந்தது. தோலில் நீலம் இருந்தால் அது காமிராவின் தவறு, எடுத்துவிடுங்கள் என்பார்கள் பாடங்களில். வெளுத்த தோலுக்கு அது பெரும்பாலும் சரியான யோசனை. கறுத்த தோலின் சங்கதி வேறு. வெளுத்த முகத்தின் மேடுபள்ளத்தை நிழல் காட்டிக்கொடுக்கிறது. கறுத்த முகத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுவது மினுமினுப்பு. வேர்வையிலும் எண்ணெயிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தோலுக்குள் போகாமலே திரும்பிவிடுவதால், அது வந்த இடத்தின் நிறத்தையே சுமந்துகொண்டிருக்கும். அவர் தோளில் இருந்த நீலம் தூத்துக்குடி வானத்தின் நீலம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியில் இலேசாகப் பச்சை தட்டும். சமையலறையில் அடுப்பின் பக்கம் திரும்பிய கன்னம் செம்மஞ்சளாக மின்னும். இவற்றையெல்லாம் பிழை என்று துடைத்தால் முகம் தட்டையாகி, சாம்பல் பூத்துவிடும். பெரிதாக்கி அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாடைக்குக் கீழே, வழக்கமாக நிழல் விழும் இடத்தில், தரையிலுள்ள உப்பிலிருந்து எழும்பிய வெளிச்சம் பரவியிருந்தது. அவர் நின்ற இடத்தை அவருடைய தோலிலேயே படிக்க முடிந்தது. எந்தப் பாடமும் சொல்லாத ஒன்றை அந்த மனிதரின் முகம் சொல்லிக்கொடுத்தது என்றால் மிகையில்லை.

இனி ஆரஞ்சு சறுக்கிக்கு வருகிறேன். லைட்ரூம், காமிரா ரா ஆகிய மென்பொருள்களில் நிறங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சாயலையும் செறிவையும் வெளிச்சத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதன் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் விழும். சினிமாவுக்கு நிறம் சேர்க்கிறவர்கள் பயன்படுத்தும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்றே ஒரு கோடு உண்டு. வெளுத்தவர், மாநிறத்தவர், கறுத்தவர் எல்லாருடைய தோலும் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும். எல்லார் தோலுக்கும் நிறம் கொடுப்பவை மெலனினும் ரத்தமும்தானே. சாயலில் நாம் ஏறக்குறைய ஒன்று, வித்தியாசம் வெளிச்சத்தில். இந்த அழகான உண்மையைத் தெரிந்துகொண்டவர்கள் அதை வைத்துச் செய்தது என்ன? ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டு, ஆள் வெளுத்துவிடுவார். ஒரே இழுப்பு. வெளுப்பாக்கும் பாடங்களில் மூச்சுக்கு மூச்சு வருவது இந்த உத்திதான். இதையே ப்ரீசெட்டாக ஆக்கி வாட்ஸப்பில் பகிர்கிறார்கள். சறுக்கியைத் தொடக்கூட வேண்டியதில்லை.

மணப்பெண்ணின் படத்தில் அந்தச் சறுக்கியை ஏற்றிவிட்டு, முகத்தைவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். உள்ளங்கை மருதாணி வெளிறிப்போயிருக்கும். ராத்திரி முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு தூங்கிச் சிவக்கவைத்த நிறம் அது. தங்கச் சங்கிலியின் அழுத்தமான பழுப்பு போய்த் தகரப் பளபளப்பு வந்திருக்கும். தாலிக் கயிற்றின் மஞ்சளில் நிழல் அழிந்து, முறுக்கு தெரியாமல் போயிருக்கும். தேக்கு நிலைக்கதவு, செங்கல் தளம், குத்துவிளக்கின் சுடர் எல்லாம் பெண்ணோடு சேர்ந்து வெளுத்திருக்கும். அவளுடைய நிறம் அவள் தோலில் மட்டும் இல்லை. வீட்டிலும் மண்ணிலும் நகையிலும் பரவியிருக்கிறது. அவளை மட்டும் தனியே பிரித்தெடுத்து வெளுப்பாக்க அந்தச் சறுக்கியால் முடியாது.

மென்பொருள் வருவதற்கு முன்னாலும் இந்த வெளுப்பாக்கும் பழக்கம் இருந்தது. ஸ்டூடியோக்களில் நெகடிவ் டச்சிங் செய்கிறவர், சாய்மேசையில் நெகடிவைப் பொருத்தி, அடியில் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுப்பாக வரும். எனவே பென்சிலால் செய்ய முடிந்ததெல்லாம் வெளுப்பாக்குவது ஒன்றைத்தான். கறுப்பாக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும். கை தவறினால் நெகடிவே வீண். கருவி அமைந்த விதத்திலேயே வேலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இதில் நியாயமான ஒரு காரணமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஒளித்தகடுகளுக்கு நீலம் மட்டும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பழுப்பும் தெரியாது. 1873-ல் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து பச்சையையும் தெரியவைத்தார். எல்லா நிறமும் தெரியும் தகடு 1906 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய தகடுகளில் பழுப்புத் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுப்பாகவே பதிந்தது. டச்சிங் செய்தவர் ஓரளவு தகட்டின் குறையைத்தான் ஈடுசெய்தார். தகடு திருந்தியது, ஃபிலிம் வந்தது, டிஜிட்டலும் வந்தது. ஈடுசெய்யும் கை மட்டும் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

திருநெல்வேலியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். டச்சிங் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர்.

"நீங்க சொல்லுறதெல்லாம் சரிதான் தம்பி. ஆனா ஆல்பத்தப் பாத்ததும் மொதல்ல என்ன கேக்காவ தெரியுமா? கலர் கொஞ்சம் ஏத்துங்கன்னுதான். நான் ஏத்தலன்னா அடுத்த கடையில போய் ஏத்திக்கிடுவாவ."

"பொண்ணே கேக்குதாண்ணே?"

"பாதிக்கு மேல பொண்ணுதான் கேக்கும். அதுக்கு முன்னாடி எத்தன பேரு அந்தப் பிள்ளையப் பாத்துட்டு, கலர் கம்மின்னு சொல்லிட்டுப் போயிருப்பான்?"

அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஃபேர் அண்ட் லவ்லி என்று ஒரு பசை 1975-ல் கடைக்கு வந்தது; 2020-ல்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள். இடையில் வளர்ந்த தலைமுறைகள் கண்ணாடியில் எதைப் பார்த்து வளர்ந்தன என்பது நமக்குத் தெரியும். அவள் கேட்பதை மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு இருக்கிறதா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. ஆனால் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, கேட்காமலேயே, வழக்கமான முதல் வேலையாக வெளுப்பாக்கிவிடுகிறோமே, அதற்கு அவள் பொறுப்பல்ல. அந்த வழக்கத்தைப் பாடங்கள் கற்றுத்தருகின்றன, அல்லது மாற்று எதையும் காட்டாமல் விட்டுவிடுகின்றன. கறுத்த முகத்தைக் கறுப்பாகவே வைத்துக்கொண்டு இவ்வளவு அழகாக வெளிச்சம் சேர்க்கலாம் என்று ஒரு பாடம் அந்த ஸ்டூடியோ அண்ணன் கண்ணில் பட்டிருந்தால், இரண்டையும் அச்சிட்டு அந்தப் பெண்ணின் முன்னால் வைத்திருப்பார். அவர் கை அவ்வளவு நல்ல கை.

ஹீலிங் பிரஷ் பற்றியும் சொல்ல வேண்டும். 2002-ல் ஃபோட்டோஷாப்பின் ஏழாம் பதிப்போடு வந்தது. மாசு என்று நாம் காட்டிய இடத்தைச் சுற்றியுள்ள தோலின் நிறத்தோடு கலந்து மூடிவிடும். பருவுக்கு அது நல்ல கருவி. நாலு நாளில் தானே போகப்போவதை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறோம், அவ்வளவுதான். நான் படமெடுக்கும் பெரியவர்கள் சிலருடைய முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கிறது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். அதற்குப் பிறகு இங்கே பிறந்த யார் முகத்திலும் அந்தக் குழிகள் இருக்கப்போவதில்லை. ஒரு கொள்ளைநோயைத் தாண்டி உயிரோடு வந்ததற்கான கடைசிச் சாட்சிகள் இந்த முகங்கள். பிரஷுக்கு அது தெரியாது. பாட்டிமாரின் முன்கையில் இருக்கும் பச்சைக்குத்தும் அதற்கு ஒரு கறைதான். கருவி தானே முகத்தைக் கண்டுபிடித்துத் தானே சீராக்கித் தரும் காலம் வந்துவிட்டது. அலைபேசி காமிராக்களில் அது கேட்காமலே நடக்கிறது. அதனால் இந்தக் கவலை எனக்குக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நிலைமை ஒரேயடியாக மோசம் என்று சொல்லமாட்டேன். தோலின் நிறத்தை வகைப்படுத்தக் கணினித் துறை வெகுகாலம் நம்பியிருந்தது, 1975-ல் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த அளவை. வெயிலில் யார் தோல் எவ்வளவு கன்றும் என்று அறிவதற்காக அவர் செய்தது அது. கறுப்புக்கும் பழுப்புக்கும் அதில் இடம் குறைவு. ஹார்வர்டின் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் வகுத்த பத்துப் படிகள் கொண்ட அளவை 2022-ல் கூகுள் வெளியிட்டது. யாருடைய முகத்தில் வைத்துச் சோதித்தீர்கள் என்ற கேள்வி ஆய்வகங்களின் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. அங்கே கேட்கும் அந்தக் கேள்வி, நம் ஊர்ப் பையன் ஒருவன் அலைபேசியில் பார்க்கும் எட்டு நிமிடப் பாடத்துக்கும் வந்து சேர வேண்டும்.

அதற்காகச் சிறிய அளவில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். படமெடுக்கப் போகும் இடங்களில், எடுத்து முடித்த பிறகு ஒன்றைக் கேட்கிறேன்: இந்தப் படத்தை வைத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாமா, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகும்படி இணையத்தில் வைக்கலாமா என்று. லேனாவின் படத்தை ஸ்கேன் செய்தவர்கள் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் சம்மதிப்பதில்லை. வேண்டாம் என்றவர்களின் படம் என்னோடு இருந்துவிடும். உப்பளத்துக்காரர் சம்மதித்தார். தன் படம் எதற்குப் பயன்படும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு, தோளில் இருந்த நீலத்தை நான் பெரிதாக்கிக் காட்டியபோது பக்கத்துப் பாத்தியில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பாம்படம் போட்டு வளர்த்த காதுள்ள ஓர் ஆச்சி, "என் மூஞ்சிய வச்சா? அதுல என்னத்தய்யா கத்துக்கிடப் போறாவ?" என்று கேட்டுவிட்டு, பிறகு சரி என்றார். அவர் படத்தைத்தான் முதல் பாடத்துக்கு வைத்திருக்கிறேன். பாம்படத்தைக் கழற்றி வெகுகாலமாகிவிட்டது. இழுபட்ட காதுமடல் தோள்வரை வளையமாகத் தொங்குகிறது. அந்த வளையத்துக்குள்ளே பின்னால் உள்ள சுவர் தெரிகிறது. செலக்ட் சப்ஜெக்ட் அழுத்தினால் கணினி அந்த ஓட்டையை முகத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. பின்னணியை மாற்றும்போது சுவரின் ஒரு துண்டு ஆச்சியின் காதிலேயே தங்கிவிடுகிறது. மாஸ்க்கில் கறுப்பு பிரஷை எடுத்து, ஓரம் மென்மையாகவும் இல்லாமல் கத்தரித்ததுபோலவும் இல்லாமல், மடலின் உள்விளிம்பை ஒட்டி அந்த ஓட்டையைத் திறந்துவிட வேண்டும். விளிம்பில் தோல் மெலிந்திருக்கும் இடத்தில் பின்பக்கத்து வெயில் ஊடுருவிச் சிவப்பாகத் தெரிகிறது. ஃப்ளோவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு முழுவதும் காதோடு நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.